மார்கழி மழையில் மலையகம்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழி (டிசெம்பர்) விடுமுறை கிட்ட வந்துவிட்டால் எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயாது. "நுவரெலியா போகப் போறம், என்ன கொண்டு போறது?", "மழையாமே, போகலாமோ?" என்று சொந்தக்காரர், அயலட்டை, அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஆள் மாறி ஆள் கேட்பார்கள். காரணம், என் அக்கா ஹட்டன் பக்கம் படிப்பிக்கப் போய் அங்கேயே கலியாணம் முடித்துக் குடியிருக்கிறார். அத்தான் அந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவர். பதினைந்து வருடமாக நான் அங்கே போய் வருகிறேன், அதிலும் பெரும்பாலும் மழையிலும் குளிரிலும்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

மார்கழி, தையில் மலையகம் முழுக்க மழை பெய்யுமா?

இல்லை. மற்றக் கேள்விகளில் பாதிக்கு இதிலேயே பதில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்களுக்குச் சோளகம், வாடை, கச்சான், கொண்டல் எல்லாம் தெரியும். அதே காற்றுகள்தான் மலையகத்திலும் மழையைத் தீர்மானிக்கின்றன. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வரும் காற்று ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனை போன்ற மேற்குச் சரிவுகளில் மோதி மழையைக் கொட்டும். மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது அது வரண்ட காற்றாகிவிடும். மார்கழியில் இது தலைகீழ். எங்கள் ஊரில் மழை தருகிற அதே வடகீழ்ப் பருவக்காற்றுதான் பதுளை, பசறை, மடுல்சீமை, ஹப்புத்தளை போன்ற கிழக்குச் சரிவுகளை நனைக்கிறது. மேற்குச் சரிவுகளில் மழை மெல்ல மெல்லக் குறையத் தொடங்கும். நுவரெலியா நடுவில் இருப்பதால் இரண்டு பக்கத்து மழையிலும் பங்கு வாங்கிக்கொள்ளும்.

பட்டிப்பொளைக்கும் ஒகியாவுக்கும் இடையில் மலையுச்சியைக் குடைந்து ஒரு றெயில் சுரங்கம் இருக்கிறது. ஒரு தை மாதம் இந்தப் பக்கம் மஞ்சள் வெயிலோடு அதற்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தோம். ஜன்னலுக்கு வெளியே வெள்ளைப் புகாரைத் தவிர ஒன்றுமில்லை. எதிரே இருந்த பிள்ளை, "அம்மா, கண்ணாடியைத் துடையுங்கோ" என்றது. கண்ணாடி துப்புரவாகத்தான் இருந்தது.

ஆகவே மார்கழி கடைசியில் போகிறீர்கள் என்றால் ஹட்டன், மஸ்கெலியா பக்கத்தை முதலில் வையுங்கள். எல்ல, ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்தை மாசி பங்குனிக்குத் தள்ளிவையுங்கள். ஐப்பசியும் கார்த்திகையும் இரண்டு பக்கமும் இடியும் மழையுமாக இருக்கும். அந்த இரண்டு மாதமும் குடும்பத்தோடு போக நான் யாருக்கும் சொல்வதில்லை.

குளிர் எவ்வளவு இருக்கும்? வெளிநாட்டுக் குளிர் போலவா?

கனடாவில் இருந்து வந்த மாமா சிரிப்பார்தான். ஆனால் எங்களுக்கு அது நல்ல குளிர். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. யாழ்ப்பாணத்தில் தை மாத இரவு 22, 23 பாகை என்று வைத்துக்கொண்டால் நுவரெலியாவில் அது 10, 11 ஆகும். அதற்கும் கீழே இறங்குவதும் சாதாரணம்.

மழை பெய்கிற இரவைவிட, மழை விட்டு வானம் தெளிந்த இரவில்தான் குளிர் கூட. முகில் போர்வை மாதிரி நிலத்துச் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். அது விலகினால் சூடு மேலே போய்விடும். தை, மாசியில் அப்படித் தெளிந்த சில விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி படியும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் வெயில் ஏறும்போது அந்தப் பனி பட்ட தேயிலைக் கொழுந்து கருகிப்போகும், உருளைக்கிழங்குச் செடியும் அப்படித்தான். விடிய எழும்பிப் படம் எடுக்கிற இடத்தில் பக்கத்துத் தோட்டக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்கலாம். அதை மறக்கவேண்டாம்.

இன்னொன்று: அங்கே வீடுகளிலும் சாதாரண விடுதிகளிலும் அறையைச் சூடாக்கும் வசதி கிடையாது. வெளியே குளிர்ந்தால் உள்ளேயும் குளிரும்.

என்ன உடுப்புக் கொண்டு போவது?

தடித்த ஜக்கெற் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு போவதுதான் எல்லாரும் விடுகிற பிழை. குளிர் தானாக ஒன்றும் செய்யாது, ஈரத்தோடு சேரும்போதுதான் அது எலும்புக்குள் இறங்கும். அதனால் முதல் வேலை நனையாமல் இருப்பது.

உள்ளே ஒரு மெல்லிய சட்டை, அதன் மேல் கம்பளிச் சுவெட்டர், அதற்கு மேலே தண்ணீர் புகாத மழைக்கோட்டு. மூன்று மெல்லிய உடுப்புகள் ஒரு தடித்த உடுப்பைவிட நல்லது, ஏனென்றால் ஏறும்போது கழற்றலாம், நின்றால் போடலாம். ஜீன்ஸ் வேண்டாம். ஒருமுறை நனைந்தால் மூன்று நாளைக்கும் அது காயாது. மலையகத்தில் மழை நாளில் கொடியில் போட்ட உடுப்பு அடுத்த நாளும் போட்டபடியே இருக்கும்.

காலுறையை ஆளுக்கு நாலு சோடியாவது எடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன். கால் நனைந்தால் உடம்பு முழுக்கக் குளிரும். இரவில் சப்பாத்துக்குள் பழைய பேப்பரைக் கசக்கி அடைத்துவையுங்கள், விடிய ஈரம் பாதியாவது இழுபட்டிருக்கும். தலைக்கும் காதுக்கும் ஒரு தொப்பி போதும். பிள்ளைகளின் மாற்றுடுப்பை ஒவ்வொரு சோடியாகப் பொலித்தீன் பையில் கட்டி வைத்துவிட்டால் பயணப்பை நனைந்தாலும் கவலை இல்லை.

யாழ்ப்பாணத்தில் ஜக்கெற் தேடி அலையத் தேவையில்லை. நுவரெலியா நகரத்தில் குளிர் உடுப்புக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, விலையும் பேசலாம். ஆனால் போய் இறங்கும் முதல் இரவுக்கு ஒரு சுவெட்டராவது கையில் இருக்கட்டும். கடை பூட்டிய நேரத்தில் போய்ச் சேர்ந்து, அம்மாவின் சேலையைச் சுற்றிக்கொண்டு படுத்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

றெயிலில் போவதா, வானில் போவதா?

றெயில் என்றால் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு போகிற றெயிலில் ஏறி, பொல்காவலையில் இறங்கி, பதுளைக்குப் போகிற மலைநாட்டு றெயிலுக்கு மாற வேண்டும். கொழும்பு வரை போய்த் திரும்பி வரத் தேவையில்லை. நுவரெலியாவுக்கு என்று தனி நிலையம் கிடையாது, நானுஓயாவில் இறங்கி மேலே போக வேண்டும். விடுமுறைக் காலத்தில் ஆசனத்தை முன்பதிவு தொடங்கும் நாளிலேயே பிடிக்காவிட்டால் நின்றுகொண்டுதான் போக நேரிடும்.

ஆனால் ஒரு முக்கியமான விசயம். 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டது. மண்சரிவிலும் வெள்ளத்திலும் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. தண்டவாளமும் வீதிகளும் பல இடங்களில் உடைந்தன. ஆகவே பழைய நேரசூசியை நம்பிப் புறப்படாமல், றெயில் எந்த நிலையம் வரை ஓடுகிறது என்பதை நிலையத்தில் கேட்டுவிட்டு ரிக்கெற் எடுங்கள்.

பஸ்சில் என்றால் கண்டி போய், அங்கே நுவரெலியா அல்லது ஹட்டன் பஸ் பிடிக்கலாம்.

வயதானவர்களும் பிள்ளைகளும் இருந்தால் வான் வசதி. ஏ9 வீதியில் கண்டி வரை ஏறக்குறைய 320 கிலோமீற்றர். இரவோடு இரவாக ஓடி அதே களைப்போடு மலை ஏறுவதைத்தான் நான் வேண்டாம் என்பேன். முதல் நாள் தம்புள்ளையிலோ மாத்தளையிலோ கண்டியிலோ தங்கி, விடிந்த பிறகு ஏறுங்கள். தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடையில் போகும்போது ஒன்றை நினைத்துப் பாருங்கள். 1823 முதல் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவரப்பட்ட தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்துதான் மலைக்குப் போனார்கள். வழியிலேயே காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. 2023இல் 200 வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடி ஒரு நடைபயணம் போனார்கள். அத்தானும் அதில் இரண்டு நாள் நடந்தார்.

எங்கள் சாரதிக்கு மலையோட்டம் பழக்கமில்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று நான் சொல்லமாட்டேன். யாழ்ப்பாணத்தில் பத்து வருடம் வான் ஓடினவர் நல்ல சாரதிதான், ஆனால் மேடு பள்ளம் இல்லாத ஊரில் பழகினவர். கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியா போகிற வீதி வளைந்து வளைந்து ஏறும். மழையும் புகாரும் சேர்ந்தால் அடுத்த வளைவே தெரியாது.

ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ, இறங்கும்போதும் அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். ரப்பர் கருகும் மணம் வந்தால் உடனே ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். புகாரில் பெரிய வெளிச்சம் போடக்கூடாது, அது திரும்பி உங்கள் கண்ணுக்கே அடிக்கும். சின்ன வெளிச்சமும் வளைவில் ஹோர்னும் போதும். ஏறி வருகிற வாகனத்துக்கு இடம் விடுங்கள். மாலை நாலு மணிக்குப் பிறகு மலைப்பாதையில் இருக்காதபடி பயணத்தை வையுங்கள். பழக்கமில்லாதவர் என்றால் கண்டியிலிருந்து மலையோட்டம் தெரிந்த ஒருவரை அமர்த்துவது செலவுதான், ஆனால் வீண்செலவு இல்லை.

மண்சரிவுக்குப் பயமாக இருக்கிறது. எப்படித் தெரிந்துகொள்வது?

பயப்படுவது சரி. 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்தில் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களை மண் மூடியது இன்னும் நினைவில் இருக்கிறது. டிட்வாவைச் சொல்லவே வேண்டாம்.

மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடுகிறது. பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படி. மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் அந்த இடத்தில் நிற்கவே கூடாது. உல்லாசமாகப் போகிற எங்களுக்கு நான் வைத்திருக்கிற கணக்கு இன்னும் இறுக்கமானது: போகிற பிரிவுக்குச் செம்மஞ்சள் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவது. விடுதிக்குக் கட்டின முற்பணம் போனால் போகட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, இலவச அம்புலன்ஸ் 1990. இரண்டையும் தொலைபேசியில் பதிந்து வையுங்கள்.

அறிவித்தலுக்கு முன்பே நிலம் அடையாளம் காட்டும். நிலத்திலும் சுவரிலும் புதிதாக வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரமும் மின்கம்பமும், இல்லாத இடத்தில் திடீரென்று ஊற்று, ஓடிக்கொண்டிருந்த ஓடை சட்டென்று வற்றுவது, தெளிந்த தண்ணீர் சேறாகி வருவது.

இதில் கடைசியை நான் கண்ணால் கண்டது ஒரு மார்கழி மாதம், ஹப்புத்தளைக்குக் கீழே. இரண்டு நாள் அடைமழை. எங்கள் வான் ஒரு மதகடியில் மெதுவாக வந்தது. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டி, மேலே பொலித்தீனைப் போர்த்தபடி ஓர் அம்மா வீதியோரத்தில் நின்றார். இடுப்பில் கட்டின படங்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, தண்ணி கலங்கி வருது. காலையில தெளிவா வந்துச்சு. மேல போகாதீங்க" என்றார். மதகுக்குக் கீழே பார்த்தேன், தேத்தண்ணி நிறத்தில் பொங்கி வந்தது, அதில் வேரோடு பிடுங்கின புல்லுக் கட்டிகள். எங்களோடு வந்த ஒருவருக்கு மூன்று கிலோமீற்றர்தானே, போய்விடலாம் என்று விருப்பம். நாங்கள் திரும்பிவிட்டோம். அன்று அந்த வீதியில் மண் விழுந்ததா என்று தேடி அறியவும் இல்லை. அவர் நாற்பது வருடமாக அந்த மலையில் ஏறி இறங்குகிறவர், எங்களுக்கு அது போதும்.

தோட்டத்தில் இருப்பவர் போகாதே என்றால் போகாதீர்கள்.

சிவனொளிபாதமலைக்கு மார்கழியில் ஏறலாமா?

ஏறலாம், அதற்குரிய காலமே அதுதான். மார்கழி மாதப் பௌர்ணமியோடு யாத்திரை தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை நடக்கும். மேலே சொன்ன காற்றுக் கணக்குத்தான் காரணம், அந்த மாதங்களில் மேற்குப் பக்கத்தில் மழை குறைவு. பாதை முழுக்க விளக்குப் போட்டிருப்பார்கள், தேத்தண்ணிக் கடைகளும் திறந்திருக்கும். எங்களுக்குச் சிவனின் பாதம், பௌத்தர்களுக்குப் புத்தரின் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதமின் பாதம். ஒரே படியில் எல்லாரும் ஏறுவார்கள்.

உயரம் 2,243 மீற்றர். ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி போய் அங்கிருந்து ஏறுவது குறுகிய வழி. குறுகியது என்றாலும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். சாதாரணமாக மூன்று, நாலு மணித்தியாலம் எடுக்கும். சூரியோதயம் பார்க்க விரும்புகிறவர்கள் இரவு ஒரு மணி, இரண்டு மணிக்கு ஏறத் தொடங்குவார்கள்.

இதில் குளிர் பிடிக்கிற இடம் எது தெரியுமா? ஏறும்போது அல்ல. ஏறும்போது வியர்த்துக் கொட்டும், ஜக்கெற்றைக் கழற்றிக் கையில் வைத்திருப்பீர்கள். உச்சியில் போய் அந்த வியர்வைச் சட்டையோடு காற்றில் ஒரு மணித்தியாலம் சூரியனுக்குக் காத்திருப்பீர்கள், அங்கேதான் பல்லுக் கிட்டும். உலர்ந்த சட்டை ஒன்றைப் பையில் வைத்திருந்து உச்சிக்கு முன்னாலுள்ள கடையடியில் மாற்றுங்கள். சூரியன் வந்த பிறகு உடனே இறங்காமல் மேற்குப் பக்கம் திரும்பிப் பாருங்கள். மலையின் நிழல் முக்கோணமாகப் புகார் மேல் விழுந்திருக்கும். அப்புறம் இறங்குவது ஏறுவதைவிட முழங்காலுக்குக் கடினம், ஒரு பொல்லு கையில் இருந்தால் உதவும். வார இறுதியும் பௌர்ணமியும் நெரிசல், சாதாரண நாளில் போங்கள்.

சின்னப் பிள்ளைகளையும் அப்பம்மாவையும் கூட்டிப் போகலாமா?

போகலாம், நுவரெலியா உயரத்தில் மூச்சுத் திணறும் மலைநோய் பொதுவாக வராது. ஆனால் தொய்வு (ஆஸ்மா) உள்ளவர்களுக்குக் குளிர்காற்றும் ஈரமும் மூச்சுமுட்டலைக் கிளப்பும். மூச்சுக்கு அடிக்கிற பம்மைக் கைப்பையிலேயே வையுங்கள். வானின் பின்பக்கத்துப் பயணப்பைக்குள் அது இருந்து பயனில்லை. பிரசர், சலரோகக் குளிசைகளை இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுங்கள், வீதி தடைப்பட்டால் தேவைப்படும்.

வளைவுகளில் பிள்ளைகளுக்குச் சத்தி வரும். வயிறு முட்டச் சாப்பிடவிடாதீர்கள், முன் ஆசனத்தில் இருத்தித் தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். காது அடைத்தால் ஒரு டொபி போதும்.

யாராவது நனைந்து, விடாமல் நடுங்கி, பேச்சுக் குழறி, கை பொத்தானைப் போட முடியாமல் தடுமாறினால் அது வெறும் குளிர் இல்லை, உடம்புச் சூடு ஆபத்தான அளவுக்கு இறங்குகிறது. ஈர உடுப்பைக் கழற்றி, உலர்ந்த கம்பளியால் தலையோடு சுற்றி, நினைவு தெளிவாக இருந்தால் இனிப்புப் போட்ட சுடு தேத்தண்ணி கொடுத்து, வைத்தியரிடம் கொண்டு போங்கள். குளிருக்குச் சாராயம் நல்லது என்பது சுத்தப் பிழை. அது தோலுக்கு இரத்தத்தைக் கொண்டுவந்து ஒரு கணம் சூடாகக் காட்டும், உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விட்டுவிடும்.

இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. குளிர் தாங்காமல் கரிச்சட்டியை அறைக்குள் கொண்டுபோய்க் கதவு ஜன்னலைப் பூட்டிக்கொண்டு படுக்காதீர்கள். கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையிலேயே உயிர் போய்விடும். இன்னொரு கம்பளி கேட்டு வாங்குங்கள்.

அட்டை கடிக்குமா?

ஈரமான காட்டுப்பாதையில் கடிக்கும். வலிக்காது, நோயும் அநேகமாக வராது, இரத்தம் நிற்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். பிடித்து இழுக்காமல் நகத்தால் மெல்ல வழித்து எடுத்துச் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கள். காலுறைக்கு மேலே சவுக்காரத்தைத் தேய்த்துவிட்டுப் போனால் ஏறுவது குறையும்.

ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு தெரியுமா?

உலக முடிவு என்பது அங்கே உள்ள செங்குத்தான மலை விளிம்பு. காலையில் போனால் அங்கிருந்து கீழே தெரியலாம். ஒன்பது, பத்து மணிக்கு மேல் புகார் ஏறி மூடிவிடும், பிறகு விளிம்பில் நின்று வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள். மழை நாளில் விளிம்புக்கு அருகில் மண் வழுக்கும், பிள்ளையின் கையை விடாதீர்கள். வாசலில் பொலித்தீன் பைகளை வாங்கி வைத்துவிடுவார்கள், சாப்பாட்டைப் பெட்டியில் கொண்டு போங்கள். மரைகளுக்கு எதுவும் தீத்த வேண்டாம்.

எங்களுக்குச் சிங்களம் தெரியாது. சமாளிக்கலாமா?

நுவரெலியா மாவட்டத்தில் தமிழர்தான் பெரும்பான்மை. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாவில் கடை, பஸ், ஓட்டோ எங்கும் தமிழில் பேசலாம். பேச்சு கொஞ்சம் வேறு. நாங்கள் "வாங்கோ" என்றால் அவர்கள் "வாங்க" என்பார்கள், எங்கள் "அண்ணை" அவர்களுக்கு "அண்ணே". வயதில் கூடியவரை ஐயா, அம்மா என்று கூப்பிடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் இவர்களைக் குறிக்க ஒரு பழைய சொல் புழங்குகிறது, தோட்டத்தையும் காட்டையும் சேர்த்து இழிவாகச் சொல்வது. அந்தச் சொல்லை அக்காவின் கலியாணப் பேச்சு நடந்தபோது எங்கள் வீட்டு முற்றத்திலேயே நான் கேட்டேன், சொன்னவர் எங்கள் சொந்தக்காரர். அம்மா அன்று அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கவில்லை. பிள்ளைகளோடு போகிறீர்கள், வானுக்குள் பகிடிக்குக்கூட அந்தச் சொல் வரக்கூடாது. அவர்கள் மலையகத் தமிழர். அப்படித்தான் தங்களைச் சொல்கிறார்கள்.

தோட்டத்துக்குள் போய்ப் படம் எடுக்கலாமா?

தேயிலைச் செடிகளோடு எடுங்கள், மிதித்துக்கொண்டு உள்ளே இறங்க வேண்டாம். கொழுந்து எடுப்பவர்களை எடுப்பதென்றால் முதலில் கேளுங்கள். மழையில் நின்று நாளுக்கு இத்தனை கிலோ என்று எடுத்து நிறுத்துக் கொடுக்க வேண்டியவர்கள், உங்களுக்காக நிற்கும் நேரம் அவர்களின் சம்பள நேரம். லயத்துக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுப்பது அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதேதான்.

சாப்பாடு?

காலையில் தடித்த தேங்காய் ரொட்டியும் உறைப்புச் சம்பலும் சாப்பிட்டுப் பாருங்கள், அந்தக் குளிருக்கு அதைவிட ஒன்றுமில்லை. மரக்கறி அங்கே பறித்த கையோடு கிடைக்கும். சைவச் சாப்பாட்டுக் கடைகள் நகரங்களில் உண்டு. வீட்டிலிருந்து மல்லியும் வேர்க்கொம்பும் இடித்துக் கொண்டுபோனால் எந்தக் கடையிலும் சுடுதண்ணி வாங்கிக் கலந்து குடிக்கலாம். தண்ணீர்ப்போத்தலை மறக்காதீர்கள், குளிரில் தாகம் தெரியாது, ஆனால் உடம்புக்குத் தண்ணீர் வேண்டும்.

எத்தனை நாள் போதும்?

போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவில் மூன்று நாள். அதில் ஒரு நாளை எதற்கும் ஒதுக்காமல் வெறுமையாக விடுங்கள், மழை அதை எடுத்துக்கொள்ளும். சீதையம்மன் கோயில், ஹக்கலைப் பூங்கா இரண்டும் நுவரெலியாவிலிருந்து வெலிமடைப் பக்கம் போகிற ஒரே வீதியில் இருப்பதால் ஒரு காலைக்குள் முடியும். டிசெம்பர் 24 தொடக்கம் புதுவருடம் வரை விடுதி விலை ஏறிவிடும், முடிந்தால் பொங்கலுக்குப் பிறகு போங்கள். திரும்பும்போது எங்கள் பக்கத்து மழையையும் விசாரியுங்கள். வன்னியில் வெள்ளம் வந்தால் ஏ9 வீதியிலும் தாமதம் வரும்.

அங்கே தெரிந்தவர் வீட்டுக்குப் போகிறோம். என்ன கொண்டு போகலாம்?

கடைப் பிஸ்கற் வேண்டாம், அது அங்கேயும் கிடைக்கும். பனங்கட்டி, ஒடியல், பினாட்டு, கொஞ்சம் கருவாடு. எல்லாவற்றையும்விட முருங்கைக்காய். அந்தக் குளிரில் முருங்கை சரியாக வராது. போன வருடம் எங்கள் வளவில் பிடுங்கின இருபது காயைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுபோனேன். அக்காவின் மாமியார் அதை வாங்கி முதலில் மணந்து பார்த்தார், பிறகு எண்ணி, பக்கத்து நாலு காம்பிராவுக்கும் மும்மூன்றாகக் கட்டி வைத்தார். அன்று இரவு மழைக்குள் அந்த லயம் முழுக்க முருங்கைக்காய்க் குழம்பு மணந்தது. இந்த முறை நாற்பது கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.